ஹார்ட் டிஸ்க் வேண்டாம் என்றவர்

பாச்சாங்கில் நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தபோது, ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளிலிருந்து ஓர் அக்கா வந்தார். கையில் தையல் மிஷின் கனத்துக்கு ஒரு பெட்டி. அந்தக் காலத்து 'போர்ட்டபிள்' கம்ப்யூட்டர் அது. மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. உள்ளே உள்ளங்கை அகலத்தில் பச்சைத் திரை, பக்கத்தில் ஃபிளாப்பி டிஸ்கெட் போடும் இரண்டு டிரைவ். ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒரு டிரைவ் உடைந்திருந்தது.

மாற்றிக் கொடுத்தேன். தன் டிஸ்கெட்டைப் போட்டுப் பார்த்தார். கடைக்குள் வேறு யாராவது நுழைந்தால் போதும், அதை உருவி, பாலில் கலக்கும் மைலோ மாவு டின்னுக்குள் போட்டு மூடிவிடுவார்.

"ஏங்க்கா இந்தப் பாடு? ஹார்ட் டிஸ்க் போட்டுத் தர்றேன்லா, எல்லாம் உள்ளயே இருக்கும்."

"உள்ள இருக்கக் கூடாது தம்பி. தோட்டத்த வித்துட்டு எங்கள வீட்ட காலி பண்ணச் சொல்றாங்க. நாங்க கேஸ் போட்டிருக்கோம். அதுக்கு வேண்டியதெல்லாம் நான்தான் இதுல அடிக்கிறேன். போன வாரம் தோட்டத்து ஆபிஸ் ஆளுங்க வந்து பெட்டியத் தூக்கிட்டுப் போனாங்க. தட்டிப் பாத்தா ஒண்ணுமில்ல. கடுப்புல கொண்டாந்து வாசல்ல வீசிட்டாங்க. அதுலதான் உடைஞ்சது."

"அப்ப டிஸ்கெட் எங்க இருந்துச்சு?"

"என் மடியில, இந்த டின்ல. அவங்களுக்கு மைலோ கலக்கவான்னுகூட கேட்டேன்."

அந்தக் கேஸ் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. அவர் கிளம்பும்போது, பெட்டியையும் டின்னையும் வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"பெட்டிய வேணா தூக்கிட்டு வா" என்றார். டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.