அபோண்டி எழுதச் சொன்ன காரணம்

அபோண்டி தன் மருமகன் துணியில்லாமல் கிடப்பதைப் பார்க்கப் போனாள் என்று சந்தையில் இன்னும் சிலர் பேசிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் வாயில் மண் விழ. நான் அன்றைக்கு அந்த வார்டில், அவளுக்கு ஒரு முழம் தள்ளி, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஐம்பத்தொரு வயதில் நர்ஸ் உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள் அபோண்டி. அதுவரை ஏரிக்கரையில் ஒமேனா என்ற பொடி மீனைக் காயவைத்து விற்றவள். கணவன் பக்கவாதத்தில் மூன்று வருடம் கிடந்து போய்ச் சேர்ந்தான். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. முதல் நாள் வகுப்பில் சின்னப் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

“அக்கா, மீன் கூடையையும் தூக்கிட்டு வந்திருக்கீங்களா?”

“கூடைய வீட்ல விட்டுட்டேன்டி. நீதான் மூக்க மறக்காம கொண்டுவந்திருக்க. பெட்பேன் எடுக்கற அன்னிக்கு அத எங்க கழட்டி வைக்கறேன்னு பாக்கறேன்.”

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் வாய் கொடுக்கவில்லை. நான் தையல் கடையை மூடிவிட்டு வந்தவள், நாற்பது வயது. அந்த வகுப்பில் எனக்கு வேறு துணை ஏது? ஒன்பது மாதம் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுத்து அவளுக்குச் சீக்கிரம் வராது. ஆனால் படுத்திருக்கும் ஆளை விரிப்பு கசங்காமல் புரட்டுவதில் எங்களில் ஒருத்தியும் அவள் பக்கத்தில் வர முடியாது.

கடைசியில் செய்முறைத் தேர்வு. நோயாளியைப் படுக்கையிலேயே வைத்துக் குளிப்பாட்ட வேண்டும். இதில் தவறினால் அபோண்டிக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. அடுத்த வருடம் அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். திரும்பவும் மீன் காயவைக்க வேண்டியதுதான்.

படுக்கை எண் எழுதிய சீட்டைக் குலுக்கி எடுத்தோம். அவளுக்குப் பதினொன்று வந்தது. ஆண்கள் வார்டு. திரையை விலக்கினால், தொடை எலும்பு முறிந்து கிடக்கிறான் ஒசோடோ, அவள் மருமகன். பைக் டாக்ஸி ஓட்டுகிறவன், லாரிக்கு வழிவிடப் போய்ச் சாக்கடையில் விழுந்தவன். அவன் அந்த ஆஸ்பத்திரியில் இருப்பது அவளுக்குத் தெரியும். எந்தப் படுக்கை என்று மட்டும் அவள் கேட்டதில்லை. கேட்டு என்ன செய்ய? எங்கள் லுவோ இனத்தில் மாமியார் மருமகனின் கையைக்கூடத் தொடமாட்டாள், அவனோடு ஒரே மேசையில் சாப்பிடவும் மாட்டாள். குளிப்பாட்டுவதாம்!

அவளுக்கு உதவிக்கு நின்ற நான் தேர்வாளரிடம் ஓடினேன். மேடம் முவேனி, நைரோபியிலிருந்து வந்தவர்.

“மேடம், அது அவங்க மருமகன். எங்க வழக்கத்துல ஆகாது. சீட்ட மாத்திக் குடுங்க.”

“ஆஸ்பத்திரிக்குள்ள மருமகனும் இல்ல, மாமியாரும் இல்ல. நோயாளி மட்டும்தான். சீட்டெல்லாம் மாத்த முடியாது.”

அபோண்டி என் கையைத் தட்டிவிட்டாள். “உன்ன யாருடி எனக்கு வக்கீல் வெச்சா, தையல்காரி? ஊரு பேசினா பேசட்டும். நான் செய்வேன்.”

தண்ணீரை முழங்கையால் தொட்டுச் சூடு பார்த்தாள். துணியை நனைத்தாள். புத்தகத்தில் இருந்தபடியே ஆரம்பித்தாள்.

“நான் அபோண்டி, பயிற்சி உதவியாளர். உங்களக் குளிப்பாட்ட வந்திருக்கேன். உங்களுக்குச் சம்மதமா?”

ஒசோடோ போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். “வேண்டாம் அத்தை. உங்களக் கும்பிடறேன், நீங்க வேண்டாம். வேற யாரையாவது வரச்சொல்லுங்க.”

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது மாதமாக அந்தக் கேள்வியை ஒரு பிளாஸ்டிக் பொம்மையிடம் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். பொம்மை ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை.

“கேட்டதுக்கு ரெண்டு மார்க் போட்டாச்சு. ஆரம்பிங்க, நேரம் ஓடுது” என்றார் முவேனி.

அபோண்டி துணியைப் பிழிந்து தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பில் போட்டாள். “அவர் வேண்டாம்னுட்டார், மேடம்.”

“வழக்கத்துக்குப் பயந்துட்டீங்க.”

“பயமா? நான் துணிய நனைச்சத நீங்க பாக்கலியா? வழக்கத்த வாசல்லயே கழட்டிப் போட்டுட்டுத்தான் வந்தேன். அது என் பங்கு. அவர் பங்க நான் எப்படிக் கழட்டறது?” அவள் குரல் உயர்ந்தது. “என் புருஷன் வாய் கோணிக் கிடந்தப்போ, இதே மாதிரி ஒரு வார்டுல, எல்லாரும் பாக்கத் துணிய உருவிக் குளிப்பாட்டினாங்க. வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டினார். ஒருத்தரும் கண்டுக்கல. ‘சும்மா கிடங்க’ன்னு நானே அதட்டினேன் மேடம். நானே!”

ஒன்பது மாதத்தில் இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

முவேனி மதிப்பெண் தாளை எடுத்தார். “அப்ப பூஜ்யம்தான் போடணும்.”

“தாராளமா போடுங்க. பக்கத்துல காரணத்தையும் எழுதுங்க. நோயாளி வேண்டாம்னார், இவ நிறுத்திட்டா, அதனால பூஜ்யம். அப்படியே எழுதி, கீழ உங்க கையெழுத்தப் போடுங்க. நானும் போடறேன்.”

பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. முவேனி தாளைப் பார்த்தார், அபோண்டியைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். கையெழுத்துப் போடக்கூடிய வாக்கியமா அது?

“பதினாலாம் படுக்கைக்குப் போங்க” என்றார் கடைசியில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

பதினாலில் ஒரு கிழட்டு மீனவர். சம்மதம் என்றார், ஆனால் தண்ணீர் சூடு போதவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். அவள் இரண்டு தடவையும் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். நேரம் கடந்துவிட்டது என்று மதிப்பெண்ணை வெட்டினார்கள். மயிரிழையில் தேறினாள். இப்போது அதே ஆண்கள் வார்டில்தான் வேலை. நீலச் சீருடையோடு மீன் சந்தையின் நடுவில் நடந்து போகிறாள், பேசுகிறவர்கள் பேசட்டும் என்று.

எனக்கு அன்று காலையிலேயே தேர்வு முடிந்திருந்தது. முழு மதிப்பெண். கேள்வியை அழகாகக் கேட்டேன், கேட்ட கையோடு ஈரத்துணியையும் உடம்பில் வைத்துவிட்டேன். மூன்றாம் படுக்கைக்காரி ஏதோ முனகினாள். அது சம்மதமா, வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.