குனியக் கூடாத நிலவறை

என் அண்ணன் நிலவியல் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் களப்பணி உதவியாளராக இருந்தான். குழி தோண்டுவது, கல்மூட்டை சுமப்பது எல்லாம் அவன்தான். ஓட்டை நிறைந்த சிவப்புக் கல்லை உள்ளங்கையில் உருட்டி, "இது மேல வீசி எறிஞ்சு விழுந்தது" என்பான். கறுப்புக் கல்லைத் தட்டி, "இது கொழம்பா ஓடி வந்து ஆறினது" என்பான்.

எங்களைச் சுற்றியிருக்கும் கூம்புக் குன்றுகள் எல்லாம் எரிமலைகள். அணைந்து பல்லாயிரம் வருடமாகிறது. ஆனால் அடியில் இன்னும் கரியமில வாயு கசிகிறது. நிறமில்லை, வாசனையில்லை. காற்றைவிடக் கனமானதால் பள்ளங்களில் தண்ணீர்போலத் தேங்கும்.

அதனால் எந்தக் குழியிலும் முதலில் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்குவான். சுடர் அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. எங்கள் வீட்டு நிலவறைக்கும் அதே சட்டம். "யாருக்கு மாமா பொறந்தநாள்?" என்று என் மகள் கேலி செய்வாள்.

ஒரு வாரம் விடாத மழை. மண் நனைந்து இறுகி, வெளியேற வழியில்லாத வாயு வீடுகளின் தரைவிரிசல் வழியாக ஏறியிருக்கிறது. அது தெரியாமல், மெழுகுவர்த்தியும் இறக்கிப் பார்க்காமல் மகள் பழைய புத்தகம் எடுக்கக் கீழே போயிருந்தாள். அப்போதுதான் அண்ணன் வந்தான். நிலவறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, மேல்படியில் நின்று கயிற்றை இறக்கினான். அவள் இடுப்பளவில் சுடர் அணைந்தது.

"குனியாத!"

"புக்கு விழுந்திடுச்சு மாமா."

"கெடக்கட்டும். உக்காராத. தலைய நிமித்திக்கிட்டு மெதுவா நடந்து வா."

"ராணி மாதிரியா?"

"ஆமாடி ராணி. வா."

நான் இறங்கப் பார்த்தேன். என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்துக்கொண்டான். கீழ்ப்படியில் அவள் தள்ளாடினாள். "தல சுத்துது மாமா." நான் கையை உதறி இழுத்தேன். அவன் அசையவில்லை. "நிக்காத. இன்னும் ஒரு படி. இன்னும் ஒண்ணு." அவள் முகம் வெளுத்து மேலே வந்து விழுந்த பிறகுதான் கையை விட்டான்.

அன்று மாலை கேட்டேன்: "அவ அங்கயே விழுந்திருந்தா எறங்கியிருப்பியா?"

என்னைப் பார்க்காமலே சொன்னான். "மாட்டேன். குழில விழுந்தவனத் தூக்கப் போய் ரெண்டு பேர் செத்தத என் கண்ணால பாத்தேன். உன்னையும் விட்டிருக்க மாட்டேன்."

பல நாள் அவனோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் காய்ச்சலில் படுத்தவன் எழவில்லை. இப்போது மழை பெய்தால், மகள் பக்கத்து அறையில் இருந்தாலும் நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுக்கிறேன். அவள் பதில் சொல்லத் தாமதித்தால் நான் யோசிக்காமல் நிலவறைக்குள் இறங்கிவிடுவேன் என்பது எனக்குத் தெரியும். பிடித்து நிறுத்த அவன் இல்லை.