வெல்வெட் கோட்டுப் பாண்டியன்

டெல்லியில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்வதற்கான நேர்காணல் கணினியில்தான் நடக்கும் என்றார்கள். அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மின்விசிறியை நிறுத்தினேன், மறுபடி போட்டேன், சன்னலைச் சாத்தினேன். அப்படியும் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் ஹாரன் உள்ளே வந்தது. இடம் கிடைத்தால் என்னை அனுப்புவதா வேண்டாமா என்று அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. அடுத்த அறையில், கதவோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால், "பேப்பர் படிக்கேன்" என்றார். பக்கம் புரளும் சத்தமே கேட்கவில்லை.

நாடுகள் தங்கள் பழங்கதையைக் காலத்துக்கு ஏற்ப எப்படித் திரும்பத் திரும்பப் புதிதாகத் தைத்துக்கொள்கின்றன என்பது என் தலைப்பு. எல்லாம் அந்தக் காலத்து உடை போட்ட இங்கிலாந்து டிவி தொடர்களால் வந்த வினை. மாளிகை, நடன விருந்து, குதிரை வண்டி. ஒருத்தரும் வேலைக்குப் போவதில்லை, காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதுமில்லை. சீமாட்டிகளின் கழுத்தில் முத்துமாலையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கடலில் எடுத்ததாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அடுத்த பகுதியைப் பார்க்காமல் தூக்கம் வராது. இந்த வெட்கங்கெட்ட ஆசைக்குத்தான் ஆராய்ச்சி என்று கௌரவமாகப் பெயர் வைத்திருந்தேன்.

எங்கள் சனத்துக்கும் ஒரு கதை உண்டு. நாங்கள் பாண்டிய ராஜ வம்சமாம். துறைமுகத்தில் சரக்கு மேற்பார்வை பார்க்கும் அப்பாதான் கோயில் திருவிழா நாடகத்தில் வருஷா வருஷம் பாண்டியன். வாடகைக்கு எடுத்த வெல்வெட் கோட்டு, தங்கச் சரிகை, முழங்கால்வரை பூட்ஸ். தொடரில் வரும் துரைக்கும் இவருக்கும் கிரீடம் ஒன்றுதான் வித்தியாசம்.

"உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்றார் திரையில் இருந்த பேராசிரியை. மனசு தமிழில் ஓட, வாய் இங்கிலீஷில் ஓடியது. முத்தெடுக்கக் கடலில் மூழ்குவதை நாங்கள் முத்துக் குளிப்பது என்போம். அதை அப்படியே தூக்கிப்போட்டு, "என் முன்னோர்கள் எல்லோரும் முத்துக்காகக் குளித்தவர்கள்" என்று சொல்லித் தொலைத்தேன், சோப்புப் போட்டுக் குளிப்பதற்கான அதே இங்கிலீஷ் வார்த்தையில். பேராசிரியைக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மனப்பாடம் செய்த பதில்களெல்லாம் போன இடம் தெரியவில்லை. மூச்சடக்கி மூழ்கிச் செத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள், அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு ஒரு ராஜாவைத் தைத்துக்கொண்டோம், அந்த ராஜாவுக்கும் கடைசியில் துரையின் வெல்வெட் கோட்டைத்தான் மாட்டிவிட்டோம் என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. நிறையக் குறித்துக்கொண்டார்கள்.

கணினியை மூடிவிட்டுத் திரும்பினால் அப்பா நிற்கிறார். கப்பல்காரர்களோடு பேசிப் பேசி அவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரியும்.

"ஏளா, அப்ப நான் இத்தன வருசமா யாரு வேஷம் கட்டுனேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் உண்மையாகவே பதில் தெரியாமல் கேட்டார்.

"தெரியலப்பா. அதத் தெரிஞ்சிக்கத்தான் போணுங்கேன்."

கையிலிருந்த பேப்பரை மடித்தார், மறுபடியும் மடித்தார்.

"எடம் கெடச்சா போ. தெரிஞ்சதும் மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும்" என்றார். "அடுத்த திருவிழாவுக்கு முன்னாடி."