கேட்காமல் வாங்கிய நிலம்

எவர்சில்வர் தம்ளரைச் சாப்பாட்டு மேசையின் ஒரு கோடியில் கவிழ்த்து வைத்து, "இதுதான் நியூ ஆர்லியன்ஸ்" என்பார் அத்தான். சப்பாத்திக் கட்டைதான் மிசிசிப்பி நதி. அதற்கு இந்தப் பக்கம், அக்காவின் தட்டு இருக்கும் இடம், புதிதாகப் பிறந்த அமெரிக்கக் குடியரசு. அந்தப் பக்கம், என் தட்டையும் தாண்டிச் சுவர்வரைக்கும், பிரான்ஸ் தனதென்று சொல்லிக்கொண்ட லூசியானா. எழுபதுகளின் கடைசியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்துப் பூனாவுக்கு வந்த நான், கேம்ப் பகுதியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்தினார். மறுநாள் பாடத்தை முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் எங்களிடம் சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம்.

அந்த நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியைப் பற்றி அவருக்குத் தீராத ஆச்சரியம். அரசியல் சட்டத்தில் எழுதியிராத எந்த அதிகாரமும் மைய அரசுக்குக் கிடையாது என்று விடாமல் வாதாடியவர் அவர். அந்நிய நாட்டிடம் நிலம் வாங்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் லூசியானா முழுவதையும் விற்கத் தயார் என்று பிரான்ஸ் சொன்னதும், சட்டத்தைத் திருத்தலாமா என்று கொஞ்ச காலம் தவித்துவிட்டு, அதற்கு நேரமில்லையென்று திருத்தாமலே வாங்கிவிட்டார். நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரு மடங்கானது. "அப்புறம் அந்த மனுசனுக்குத் தூக்கம் வந்திருக்குமா?" என்று அத்தான் கேட்பார். "வாங்கினவங்க தூங்கத்தான் செய்வாங்க" என்பாள் அக்கா.

அந்த வீட்டிலும் ஒரு சட்டம் இருந்தது. அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. எந்தப் பெரிய காரியமானாலும் இரண்டு பேரும் கலந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கல்யாணமான புதிதில் இதை ஏற்படுத்தியதே அத்தான்தான். வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை மாலை, கராடியில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அன்றைக்குக் கராடி ஊருக்கு வெளியே சோளக்காடுகள் சூழ்ந்த கிராமம். உடன் வேலை பார்க்கும் ஒருவருக்குத் தெரிந்த ஆள் விற்கிறாராம். உடனே கொடுக்காவிட்டால் கைவிட்டுப் போய்விடுமாம்.

அக்கா சாதம் வடித்து முடித்தாள். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"நேரம் இல்லம்மா."

"உங்க ஜனாதிபதியும் இதைத்தானே சொன்னாரு."

அத்தான் சிரிக்க முயன்றார். "அங்க பின்னால காங்கிரஸ் சபை ஒத்துக்கிட்டுல்லா?"

"நான் நிலத்தைப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் ஆராதனை முடிந்து, ஞாயிற்றுக்கிழமை உடுப்போடே மூவரும் பஸ் ஏறினோம். எங்கள் மனை என்று அத்தான் காட்டிய இடத்தில் சோளம் முழங்கால் உயரம் நின்றது. ஒரு பெண் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு மராட்டி சரளமாக வரும், போய்ப் பேசினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான் விதைக்கிறோம், விளைச்சலில் பாதி நிலத்துக்காரருக்கு என்றாள் அந்தப் பெண். நிலத்தை விற்கப் போகும் செய்தியே அவளுக்குத் தெரியாது. அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அவள் சண்டை போடவில்லை. அத்தானை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "இந்தச் சோளத்தை அறுக்கிற வரைக்கும் இருக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தானுக்கு மராட்டி தெரியாமல் இல்லை. ஆனாலும் அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும் வழியில், பஸ் ஹடப்சரைத் தாண்டும்போது, திடீரென்று அக்காவிடம் கேட்டார். "லூசியானாவுல குடியிருந்த ஜனங்ககிட்ட, உங்க நிலத்தை வித்தாச்சுன்னு யாரு போய்ச் சொல்லியிருப்பா?"

"வாத்தியார் நீங்கதானே. தேடிப் பாருங்க."

தேடினார். பல மாதங்கள் நூலகமே கதியென்று கிடந்தார். அவர் நடத்திய பாடப்புத்தகத்தில் அந்தப் பூர்வகுடிகளுக்குக் கிடைத்திருந்தது அரைப் பத்தி. இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டபோது அவர்களை யாருமே கேட்கவில்லை. பின்னால் ஒவ்வொரு குலமாக உடன்படிக்கை எழுதி வாங்கி மேற்கே தள்ளினார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வந்து சொல்லும்போது, அத்தனை வருஷம் நடத்திய பாடத்தை அப்போதுதான் முதல்முறை படிப்பவர் போலிருந்தார். வாங்கிய நாட்டின் கதையோடு முடித்துவந்த வகுப்பை, அதன்பின் அங்கே இருந்தவர்களிடமிருந்து தொடங்கினார்.

மனையை வேண்டாமென்றாள் அக்கா. அத்தானும் சரி என்றார். முன்பணம் திரும்பி வரவில்லை. சொந்த வீட்டுக் கனவு பல வருஷம் தள்ளிப்போய், கடைசியில் பூனாவின் இன்னொரு கோடியில், ஔந்த்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டாக முடிந்தது. நாங்கள் விலகியதால் அந்தப் பெண் தப்பிக்கவுமில்லை. அறுவடை முடிந்து ஒருநாள் அக்காவும் நானும் போனபோது நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி இருந்தது. வேறு யாரோ வாங்கியிருந்தார்கள். அவள் எங்கே போனாள் என்று கேட்டோம். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள்.

அத்தான் இன்று இல்லை. கராடியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. என் மகனுக்கு அவற்றில் ஒன்றில்தான் வேலை. அந்த மனை இருந்திருந்தால் இன்று என்ன விலை என்று உறவுக்காரர்கள் பேசாத விசேஷமில்லை. போன மாதம் அக்காவிடம் நானே கேட்டேன், வருத்தமில்லையா என்று.

"வாங்கியிருந்தா அவளைப் போகச் சொல்ல வேண்டியது நாமளாத்தான் இருந்திருக்கும்" என்றாள். "அவகிட்ட யாரு போய்ச் சொன்னாங்க, என்னன்னு சொன்னாங்கன்னுதான் இன்னைக்கும் யோசிக்கேன்."