இடப்பக்கம் இரண்டு விரல்

யுத்த காலத்தில் தூத்துக்குடியிலிருந்து சாத்தான்குளத்துக்கு ஓடியது ஒரே ஒரு பஸ். பெட்ரோல் கிடைக்காததால் அதன் பின்புறம், இடது மூலையில், ஆள் உயரத்துக்குக் கரியடுப்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கரி எரிந்து வருகிற வாயுவில்தான் எஞ்சின் ஓட வேண்டும். ஓடியது என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். சின்ன மேடு கண்டாலும் பாதிப் பேர் இறங்கித் தள்ளுவார்கள். அடுப்பின் பாரத்தில் பஸ் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே போகும். காயல்பட்டினத்துக்காரரான டிரைவர் மூஸா, ஏற வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்து, உடம்பு பெருத்தவர்களையெல்லாம் வலப்பக்கம் உட்கார வைப்பார். அவர் கண்ட வைத்தியம் அவ்வளவுதான்.

நாற்பத்து நாலாம் வருஷம் அக்டோபர் கடைசியில் அந்த வைத்தியமும் பலிக்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கம் இறங்கி டயரை உரசியது. ஷெட்டில் மனுவேலிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

வண்டியின் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை வேலைக்கு மனுவேலை விட்டால் அந்தத் துறைமுகத்தில் வேறு ஆள் கிடையாது. ஆனால் அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்க முடியாது, அந்த வருஷம் தை மாதத்திலிருந்து. சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள் அல்போன்சா விஷக்காய்ச்சலில் செத்துப்போனாள். தந்தி தாமதமாக வந்தது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மனைவி அந்தோணியம்மாள் மண்ணில் விழுந்து புரண்டாள். மனுவேல் நின்றார், கொடுத்த காப்பியைக் குடித்தார், மறுநாள் ஷெட்டுக்கு வந்துவிட்டார். கல்நெஞ்சன் என்று ஊர் சொன்னது. ஊருக்கு என்ன, சொல்லும். அவருக்குச் சோறு ருசிக்கவில்லை, பசிக்கவும் இல்லை. சுத்தியல் விரலில் விழுந்தால்கூட ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். செத்தவர்களின் குழியில் மெழுகுதிரி ஏற்றாத வீடு கடற்கரையில் இல்லை. அல்போன்சாவுக்கு இதுதான் முதல் திருநாள். போவதற்கு இந்த பஸ்தான் உண்டு. "எப்படியாவது அன்னைக்கு வண்டிய எடுக்க வச்சிரும்," என்றாள் அந்தோணியம்மாள். மனுவேல் சரி என்றார். எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலையில் குறை வைக்கவில்லை. முதலில் டயர் காற்றைப் பார்த்தார். பிறகு சாமான்களையெல்லாம், கரியடுப்பைக்கூட, இறக்கிவிட்டுப் பார்த்தார். காலி வண்டியும் சாய்ந்தே நின்றது. அப்படியானால் கோளாறு ஸ்பிரிங்கில்தான். கழற்றியதில் ஏழு பட்டைகளில் மூன்றாவது நடுத்துளையில் விரிசல் விட்டிருந்தது. மற்றவை வளைவு போய் நிமிர்ந்து கிடந்தன. உடைந்த ராணுவ லாரி ஒன்றிலிருந்து ஒரு பட்டையை எடுத்து விரிசல் விட்டதற்குப் பதிலாகப் போட்டார். மற்றவற்றைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து வளைத்து, சுறா எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூடு காட்டினார். அடுப்புப் பக்கமாயிற்றே என்று ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, இடையிடையே கிரீஸ் தடவிப் பூட்டினார்.

அதோடு அவர் விடமாட்டார். இருபது உப்பு மூட்டையைப் பின்னால் ஏற்றி ஒரு நாள் முழுக்க நிறுத்திவைப்பார். மூட்டையை இறக்கியதும் வண்டி பழைய உயரத்துக்கு எழுந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

கல்லறைத் திருநாள் காலையில் மூட்டைகளை இறக்கினார்கள். பூவும் மெழுகுதிரியுமாகச் சனம் வாசலில் காத்து நின்றது. மனுவேல் அடியில் குனிந்து, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே கையை விரித்து அளந்தார். வலப்பக்கம் ஒரு சாணும் மூன்று விரலும். இடப்பக்கமும் ஒரு சாணும் மூன்று விரலும்.

"அண்ணாச்சி, எடுக்கலாமா?" என்றார் மூஸா.

"எடுக்காண்டாம். இடப்பக்கம் ரெண்டு விரல் தாழுது. நாளைக்குப் பாப்போம்."

இருபத்தைந்து வருஷத் தொழிலில் மனுவேல் சொன்ன முதல் பொய். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. அந்தக் குழிக்கு முன்னால் இன்னொரு தடவை மரம் மாதிரி நிற்க அவருக்குப் பயமாக இருந்தது. ஒன்பது மாதத்தில் அவருக்கு உறைத்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

அவர் சொன்னால் சொன்னதுதான். வாசலில் பெண்கள் முணுமுணுத்தார்கள், சிலர் திரும்பி நடந்தார்கள். அந்தோணியம்மாள் மட்டும் திரும்பவில்லை. கல்யாணமான புதிதில், கையாள் வைக்க வசதி இல்லாத காலத்தில், வண்டிக்கு அடியில் அளந்து சொன்னது அவள்தான். கையிலிருந்த மெழுகுதிரிகளை மூஸாவிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக் குனிந்தாள். ஒரு பக்கம் அளந்தாள். சுற்றி வந்து மறுபக்கமும் அளந்தாள். எழுந்து மனுவேலின் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு."

மனுவேல் தரையைப் பார்த்தார். "எனக்கு அழுக வரல, ஏளா. அங்கன வந்து நான் என்ன செய்ய?"

அந்தோணியம்மாள் கையிலிருந்த கிரீஸை முந்தானையில் துடைத்தாள்.

"உம்ம யாரு அழச் சொன்னா? சாத்தான்குளத்துக் காத்துல திரி நிக்காது. நான் ஏத்துத நேரம் மறைச்சுப் பிடிக்க ஒரு ஆளு வேணும். அதுக்கு வாரும்."

மனுவேல் மூஸாவைக் கூப்பிட்டார். "தப்பா அளந்துட்டேன். வண்டிய எடுங்க." திரும்பிப் போனவர்களை மூஸா ஹாரன் அடித்து வரவழைத்தார். அன்றைக்கு அவர் யாரையும் வலப்பக்கம் போகச் சொல்லவில்லை.

மத்தியானம் கல்லறையில் செம்மண் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. அந்தோணியம்மாள் திரியைப் பற்றவைத்தாள். மனுவேல் முட்டுப்போட்டு, இரண்டு உள்ளங்கையையும் சுடரைச் சுற்றிக் குவித்து, கடைசிச் சொட்டு உருகும்வரை அப்படியே இருந்தார். அழுகை வரவில்லை. அவள் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.