ராமாயணத்துக்கு லைன் போட்டுக் கொடுத்தவள்

ஜமீலா போய்விட்டாள் என்று போன வாரம் அவள் தம்பி போன் செய்து சொன்னபோது, “ராங் நம்பர்!” என்று கத்திவிட்டேன். அவளோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்களுக்கு என் ஆத்திரம் புரியும். அந்தக் குரல் நின்றுபோகும் என்று யார்தான் நினைத்தோம்?

எழுபதுகளில் நாங்கள் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். பாலக்கரைக்காரி. அவள் வீட்டில் உருது பேசுவார்கள். அப்பாவின் வேலை காரணமாக நாக்பூரில் படித்ததால் இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணவருக்குத் துபாயில் வேலை. வெளியூருக்கு டிரங்க் கால் கிடைக்காமல் யாராவது புலம்பினால், “பொறுங்கம்மா, உங்க வீட்டுக்காரரைக் கையோட புடிச்சுக் கூட்டிட்டு வரேன்” என்பாள். சொன்னபடி கூட்டியும் வந்துவிடுவாள்!

பிறகு டி.வி.யில் ஞாயிறுதோறும் ராமாயணம் வந்தது. அடேயப்பா, அந்த ஞாயிற்றுக்கிழமைகள்! ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கும். டி.வி. பெட்டிக்கு மாலை என்ன, கற்பூரம் என்ன! ஆனால் பேசுவதோ இந்தி. கதை எல்லாருக்கும் தெரியும். பேச்சுதான் ஒருவருக்கும் புரியவில்லை. ஜமீலாவைக் கூப்பிட்டேன். “ராமருக்கும் நானே லைன் போடணுமா? சரி, போட்டுடுவோம்” என்று டவுன் பஸ் ஏறி வந்தாள். கைகேயிக்கு ஒரு குரல், தசரதனுக்கு ஒரு குரல் என்று அவள் தமிழில் சொல்லச் சொல்ல, கூடத்தில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது.

ராமாயணம் சொல்லும் இடத்துக்கெல்லாம் அனுமன் வந்துவிடுவார் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அவருக்காக என் மாமனார் டி.வி.க்கு முன்னால் ஒரு பலகை போட்டு, கோலமிட்டு, காலியாக வைத்திருப்பார். ஒரு ஞாயிறு ஜமீலா தாமதமாக, மூச்சிரைக்க வந்தாள். கூட்டத்தில் காலியாக இருந்த ஒரே இடம் அந்தப் பலகை. சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயையோ, அது ஆஞ்சநேயர் பலகை! எழுந்திருடீ!” என்று பக்கத்து வீட்டு மாமி அலறினாள். துள்ளி எழுந்த ஜமீலாவின் முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கு நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை.

அன்றைக்கென்று பார்த்து அனுமன் கடல் தாண்டுகிற கட்டம்! பேச்சைத் தமிழில் சொல்ல ஆளில்லாமல் கூடம் விழித்தது. மாமனார் பாதியிலேயே டி.வி.யை அணைத்தார். “இனிமே அந்தப் பொண்ணு வந்தாத்தான் ராமாயணம். கிளம்பு, அவாத்துக்குப் போகலாம்” என்றார். ஜமீலா ரோஷக்காரி, மனசு விட்டுப்போனால் திரும்பிப் பார்க்கமாட்டாள். ராமாயணம் கிடக்கட்டும், எனக்கு என் ஜமீலா வேண்டும்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போனோம். வெளியில் தண்ணீர்கூடக் குடிக்காத மாமனார், அவள் கொடுத்த சர்பத்தை வாங்கிக் குடித்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

“நீ உக்காந்ததுல ஒண்ணும் தப்பில்லைம்மா. கடலைத் தாண்டிச் சேதி கொண்டுவந்தவருக்குத்தானே அந்தப் பலகை? எங்களுக்குப் புரியாத பாஷையிலேர்ந்து நீயும் சேதிதான் கொண்டுவரே. ஜம்முனு வந்து உக்காரு” என்றார் மாமனார்.

“வேணாம் மாமா, பலகை அவருக்கே இருக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். தப்பாச் சொன்னா அவரே திருத்தட்டும்” என்றாள் ஜமீலா. சிரித்துவிட்டாள்! எனக்குப் போன உயிர் வந்தது.

அடுத்த ஞாயிறு அசோகவனம். மரத்திலிருந்து இறங்கிய அனுமன், சீதையிடம் ராமனைப் பற்றிச் சொல்கிறார். “நல்லா இருக்காராம்…” என்றாள் ஜமீலா. அதற்கு மேல் குரல் எழவில்லை. பொலபொலவென்று கண்ணீர். துபாயிலிருந்து மாதக்கணக்கில் கடிதம் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கூடம் திகைத்தது. இந்தியில் ஒரு எழுத்தும் தெரியாத மாமனார் சட்டென்று எழுந்து, தானே சொல்ல ஆரம்பித்தார். உற்சாகத்தில் கணையாழியைக் கொடுத்து, வனத்தை அழித்து, வாலில் நெருப்பு வைத்து, இலங்கையையே கொளுத்திவிட்டார்.

“மாமா! அவர் இன்னும் மோதிரத்தையே குடுக்கலை!” என்று அழுகைக்கு நடுவில் ஜமீலா கத்தினாள். கூடம் வெடித்துச் சிரித்தது. அலறிய அதே மாமி தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

ராமாயணத்தை எத்தனையோ பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் சீதை அந்த மரத்தடியில் எதற்காகக் காத்திருந்தாள் என்று எனக்குப் புரியவைத்தது உன் ஒரு வார்த்தைதான், ஜமீலா. “நல்லா இருக்காராம்.” அது உன் குரலிலேயே என்னிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன், போ.