ஆரம்பாக்கத்தில் ரயிலேறாதவர்கள்

ஞானசுந்தரி அக்கா போய்விட்டார் என்ற செய்தியை எங்கள் ஆபீஸ் ப்யூன்தான் சொன்னார். நான் அப்போது நாற்காலியில்கூட உட்காரவில்லை. "மேடம், ஒங்களோட இருந்தாங்களே எகனாமிக்ஸ் மேடம், அவங்க தவறிட்டாங்களாம். மாரடைப்பாம்" என்றார். அதே மூச்சில் "டீ கொண்டாரட்டுமா?" என்றும் கேட்டார். அந்த மனிதர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? அது டீ வேளை.

உங்களில் பலர் அக்காவை வகுப்பறையில் அறிந்தவர்கள். இரங்கல் கூட்டத்தில் அவருடைய பட்டங்களையும் கட்டுரைகளையும் வாசித்தார்கள். கும்மிடிப்பூண்டி வட்டார ஆய்வை முன்னோடியான பணி என்று ஒருவர் புகழ்ந்தபோது நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த ஆய்வு தப்பு, தப்பு என்று சொல்லிச் சொல்லித்தான் அக்கா ஓய்ந்துபோனார். அவரோடு வீடு வீடாக நடந்தவள் நான். அதனால் இதை நான் எழுதியாக வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்ற பேச்சு கிளம்பியது. வந்தால் அங்கே கழனி வேலை செய்து பிழைப்பவர்களின் வாழ்க்கை எப்படி மாறும் என்று அறிய எங்கள் பொருளாதாரத் துறை ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வருமானம், நிலம், வேலை இவற்றைக் கேட்டால் போதும் என்றார் துறைத் தலைவர். அக்கா விடவில்லை. "உடம்பு படுத்துட்டா வருமானம் ஏது சார்? நோயைக் கேக்காம என்ன பொருளாதாரம்?" என்று சண்டை போட்டு அந்தக் கேள்வியைச் சேர்த்தார். அவருக்கு அதில் ஒரு நோக்கம் இருந்தது. காசநோய்க்கு மருந்து கொடுக்கும் சுகாதார நிலையம் ஒன்றை அந்தப் பக்கம் திறக்க அரசு நினைத்திருந்தது. அது எந்த ஊருக்கு என்பதை எங்கள் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆரம்பாக்கத்தில் கன்னியம்மா வீட்டு வாசலில் நாங்கள் நின்ற காலை நன்றாக நினைவிருக்கிறது. தொழிற்சாலை வந்தால் உங்கள் வீட்டிலிருந்து யார் வேலைக்குப் போவார்கள் என்று அக்கா கேட்டார். "எங்க ஊட்டுக்காரரு போவாரு, எம் பையனும் போவான்" என்றாள் கன்னியம்மா. வீட்டில் யாருக்காவது ரொம்ப நாளாக இருமல், காய்ச்சல் உண்டா என்று கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"ஐய, நோவா? அதெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. அல்லாரும் கல்லு மாதிரி கீறோம்."

"அவர் எங்கே?"

"கயனிக்குப் போய்க்கிறாரு."

வீட்டுக்கு வீடு இதே பதில்தான். "அக்கா, இந்த ஊர்த் தண்ணியிலேயே மருந்து இருக்கு போல, நாமளும் குடி வந்துடலாம்" என்று நான் கேலி செய்தேன். அக்காவும் சிரித்தார்.

தினமும் சாயங்காலம் நாங்கள் சென்னைக்கு ரயில் பிடிக்க ஸ்டேஷனுக்கு வருவோம். மர நிழலில், சிமெண்டு பெஞ்சில், ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் என்று நினைத்து, எங்களுக்கு இடம் கிடைக்குமா என்று கவலைப்படுவதோடு சரி. கடைசி நாளன்று அக்கா ரயில் படியில் கால் வைத்துவிட்டார். அப்போது கன்னியம்மா கையில் தூக்குப் பாத்திரத்தோடு ப்ளாட்ஃபாரத்தில் வேகவேகமாக வருவதைப் பார்த்தார். அவள் பெஞ்சில் இருந்த ஒருவரிடம் கூழை நீட்டினாள். அவரால் அதை வாங்க முடியவில்லை. அப்படி இருமிக்கொண்டிருந்தார். அக்கா இறங்கிவிட்டார். "ரயில் போயிடும் அக்கா!" என்று நான் கத்தினேன். ரயில் போயேவிட்டது. பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர்கூட அதில் ஏறவில்லை.

கன்னியம்மாவின் கணவர் ஏகாம்பரம்தான் அவர். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"இன்னாம்மா இப்டி கேக்கறீங்க? கம்பெனிக்கு ஆளு எடுக்கத்தானே நீங்க வந்துகினு கீறீங்க? இருமறவன் ஊட்ல கீறான்னு தெரிஞ்சா எம் பையனயும் சேத்துத்தானே தள்ளிடுவாங்க. அதான் நீங்க போற வரிக்கும் அல்லாரும் இங்க வந்து குந்திக்கினோம்."

ஊரின் நோய் முழுவதும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறோம். அக்கா பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு, "கேள்வியை எழுதினது யாரு விமலா? நான்தானே. வேலை வேணுமான்னு கேட்டுட்டு, உடனே நோய் இருக்கான்னும் கேட்டிருக்கேன். எவ சொல்லுவா?" என்றார்.

திரும்பக் கணக்கெடுக்க வேண்டும் என்று தலைவரிடம் மன்றாடினார். பணமும் இல்லை, நாளும் இல்லை என்றார்கள். இந்தப் பதில்கள் செல்லாது என்று அக்கா எழுதிக் கொடுத்த குறிப்பை அறிக்கையில் சேர்க்காமலே அனுப்பினார்கள். அக்கா விடாமல் சுகாதார அலுவலகத்துக்கும் ஓடினார். நானும் கூடப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க எடுத்த கணக்குதானேம்மா? இந்தப் பக்கம் நோயே இல்லைன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?" என்றார். சுகாதார நிலையம் வேறு எங்கோ போயிற்று.

ஏகாம்பரத்தை அக்காவே சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஊசி, மாத்திரை என்று ஆரம்பத்தில் கொஞ்சம் தேறினார். ஆனால் ஊசிக்கு அடிக்கடி வரவேண்டுமே! "வந்தா அன்னிக்கிக் கூலி போவுது. சோறா ஊசியா, நீங்களே சொல்லும்மா" என்றார் ஏகாம்பரம். லீவு நாட்களில் அக்கா மாத்திரைகளைத் தாமே வாங்கிக்கொண்டு போவார். அதே பெஞ்சில்தான் இருவரும் சந்தித்துக்கொள்வார்கள், ஊருக்குள் போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று. பக்கத்திலேயே மருந்து கிடைத்திருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார். ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார்.

நாங்கள் போனபோது கன்னியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "வாசல்ல வந்து நின்னு கேட்டீங்களே! நான் பாவி, வாயத் தொறந்து சொல்லலியே!" அக்கா அவள் கைகளைப் பிடித்து நிறுத்தினார். "நீ சரியாத்தான் சொன்னே. நான்தான் தப்பா கேட்டேன்" என்றார். அத்தனை கண்டிப்பான மனுஷி அந்தச் சேற்று வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

அப்புறம் ஒரு கருத்தரங்கில் எழுந்து, "என் அறிக்கையை யாரும் நம்பாதீர்கள், மேற்கோள் காட்டாதீர்கள்" என்று சொன்னார். என்ன தன்னடக்கம் என்று வியந்து சபை கை தட்டியது. வெளியே வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கை தட்டுறாங்கடி! நான் ஒரு ஆளைச் சாகவிட்டுட்டேன்னு சொல்றேன், கை தட்டுறாங்க!" அதன் பிறகு எந்தக் கணக்கெடுப்புக்குக் கிளம்பினாலும் எங்களிடம் ஒன்றைத்தான் சொல்வார்: "உண்மையைச் சொன்னா அவங்களுக்கு என்ன போகும்னு முதல்ல பாரு. அப்புறம் கேளு."

அக்காவின் காரியம் முடிந்ததும் கன்னியம்மாவிடம் சொல்ல ஆரம்பாக்கம் போனேன். வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதாள். மகன் தசரதனைப் பற்றிக் கேட்டேன். "டூட்டிக்குப் போய்க்கிறான்மா. புதுவாயலாண்ட கம்பெனி. நல்லாத்தான் கீறான்" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் வந்த பதில். கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனில் அதே பெஞ்சில் காக்கிச் சட்டையோடு தசரதன் உட்கார்ந்திருந்தான். துண்டால் வாயைப் பொத்தியிருந்தான். என்னைப் பார்த்ததும் எழப் போனான், முடியவில்லை.

"பை மாட்டிக்கினு ஒரு அம்மா வர்றாங்கன்னு சொன்னாங்கக்கா. கம்பெனி ஆளோன்னு கொல்லப் பக்கமா இங்க வந்துட்டேன். நீங்கன்னு தெரியாது. வெறும் சளிதான்க்கா."

ஐயோ அக்கா, இதைப் பார்க்காமல் போனீர்களே, நல்லவேளை என்று தோன்றியது. உடனே, நீங்கள் இல்லையே, நான் என்ன செய்வேன் என்றும் தோன்றியது. நோய் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

"உனக்கு வாரத்துல என்னிக்கு லீவு தசரதா?"

வாயிலிருந்து துண்டை எடுத்தான். "செவ்வாக்கெயம" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "கம்பெனிக்குத் தெரிஞ்சிடாதே?" என்றான்.

நண்பர்களே, அக்காவின் புத்தகங்களைத் துறை எடுத்துக்கொண்டது. எனக்கு மிஞ்சியது அந்த பெஞ்சில் அவர் உட்கார்ந்த இடம். அங்கே தசரதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரயில் வந்து நின்றது, கிளம்பிப் போயிற்று. நாங்கள் ஏறவில்லை.